சீனி போடாத தேத்தண்ணி

லண்டனில், ஸ்ட்ரெதம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்து அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கையின் மடியில் அகதி விண்ணப்பக் கடிதங்கள்.

“இதெல்லாம் எழுதித் தந்த வெள்ளைக்கார மனுசியின்ர பரம்பரையிலை ஒருத்தரும் தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்லையாம்,” என்றாள் தங்கை.

“ஏன், சலரோகமோ?”

“இல்லை அக்கா. அந்தக் காலத்திலை கறுப்பு அடிமையளைக் கொண்டு செய்த சீனி எண்டு விட்டவையாம்.”

“பிறகு அதே வெள்ளைக்காரங்கள்தானே தேயிலை பிடுங்க இந்தியாவிலையிருந்து எங்கட மலைநாட்டுக்குத் தமிழ்ச்சனத்தைக் கொண்டுவந்தவங்கள். அதுக்குத் தேத்தண்ணியை விட்டவையோ?”

“எங்கட வீட்டிலை வேலைக்கு நிண்டவளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதானே. நாங்கள் அவளைப் பள்ளிக்கூடம் விட்டனாங்களோ?”

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

“அவளின்ர பேர் என்ன?”

“‘எடி பெட்டை’ எண்டுதானே கூப்பிட்டனாங்கள்.”