உப்பாயியின் கடைசிச் சொல்

டீ நன்றாக இருக்கிறது, எல்சி அக்கா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள். திட்டுவதற்கென்று கூப்பிட்ட ஆளுக்கும் இஞ்சி தட்டிப் போடுகிற மனசு இந்த ராயபுரத்தில் உங்களுக்குத்தான் வரும். நர்மதா, உன் போனை அந்த பிஸ்கட் டப்பாமேல் சாய்த்து வை, ஃபேன் காற்றில் சரிகிறது பார். நான் சொல்வது தெளிவாகப் பதிவாக வேண்டும். நாளைக்கு யாராவது மேற்கோள் காட்டப் போனால், ஒலி சரியில்லை என்ற பேச்சு வரக்கூடாது.

நீங்கள் இன்றைக்குத் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பனிக்கரைக் களஞ்சியத்தில் எழுதுகிற உரிமை என்னிடம் இருக்கலாமா, கூடாதா. அதைப் பிடுங்கிவிட்டால் எனக்கு வேறு ஒன்றும் மிஞ்சாது. சாத்தாங்காட்டில் அப்பாவின் இரும்புக் கடை இருக்கிறதே என்பீர்கள். அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்பி, தகடு, லாரி எடை. நடுவில் நான் போனைத் தொட்டால், "ஏலே தேவப்பிரியம், கடையில இருக்கியா, கனவுல இருக்கியா?" என்று அப்பா கத்துவார். நான் ஒரு மனுஷன் என்று எனக்குத் தோன்றுவதே நம் களஞ்சியத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான். அதனால் எதையும் மறைக்கப் போவதில்லை.

விஷயம் தெரியாதவர்கள் இந்தப் பதிவைக் கேட்டால் குழம்பக்கூடாது. பனிக்கரை என்பது ஒரு விளையாட்டில் வருகிற கற்பனை நாடு. வெளிநாட்டுக்காரர்கள் செய்தது. போனில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குடித்தனமே நடத்தலாம். அந்த நாட்டு ராஜாக்கள், பூதங்கள், சாப்பாடு, சண்டை என்று சகலத்தையும் இணையத்தில் தமிழ்க் களஞ்சியமாக எழுதிவைக்கிற கூட்டம் நாம். அங்கே ஒரு பாத்திரம் செத்தால் செத்ததுதான், மறுபடி வராது. விளையாடுகிற நம் வேடங்களுக்கும் அதே சட்டம்.

களஞ்சியத்துக்கு ஒரு விதியும் உண்டு. அது நீங்கள் போட்டது. மாத்தூர் ஜெமிமா, டிராகன் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டது என்று ஒரு பக்கமே எழுதிவைத்தாளே, அன்றைக்குப் போட்டீர்கள். "ரெண்டு பேரு கண்ணால பாக்காத எதுவும் உள்ள ஏறக்கூடாது, சொல்ட்டேன்" என்றீர்கள். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உப்பாயி. கழிமுகத்தில் படகு விடுகிறவள். அசலில் அவளுக்கு வாயில் நுழையாத ஏதோ பெயர். உப்பாயி என்று வைத்தது நீங்கள். அவளை நம் ராயபுரம் பாஷை பேசவைத்ததும் நீங்கள்தான். கம்பெனிக்காரன் வசனங்களைக் கலைத்துப்போட்டு அனுப்பினான், எதை யார் எப்போது சொல்வார்கள் என்றே தெரியாமல் நீங்கள் உட்கார்ந்து தமிழ்ப்படுத்தினீர்கள். ஆனாலும் உப்பாயி வாயைத் திறந்தால் காசிமேட்டில் நிற்கிற மாதிரி இருக்கும். "வா நைனா, குந்து. ஆடாத. ஆடினா அப்பால என்னைக் கேக்காத." இந்த ஒரு வசனத்துக்காகவே நம் யேசுதாஸ் அண்ணன் போக வேண்டிய வேலை ஏதும் இல்லாமலே அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், டீ இடைவேளையில் போனை எடுத்துப் படகேறிவிடுவார். ஏன் அண்ணே என்று ஒருமுறை கேட்டேன். "வூட்ல அல்லாரும் மருவாதியாவே பேசறாங்க மாமு. என்னைத் திட்றதுக்கு யார் கீறாங்க சொல்லு" என்றார்.

உப்பாயி பக்கத்தை எழுதியவன் நான். களஞ்சியத்திலேயே அதிகம் பேர் படிக்கிற பக்கம் அதுதான். அவள் பிறந்த ஊர், படகு செய்த மரம், நண்டுக் குழம்பில் அவள் போடுகிற புளி, பூதத்தோடு அவளுக்கிருந்த வாய்க்கால் தகராறு எல்லாம் இருக்கிறது. ஒரு கட்டம் மட்டும் காலி. "கடைசிச் சொல்" என்ற கட்டம். பனிக்கரையில் ஒவ்வொரு பாத்திரமும் சாகும்போது ஒரே ஒரு வசனம் சொல்லும். அது தெரிந்தால்தான் பக்கத்துக்கு முழுமை என்று பச்சைக் குறி விழும். திருட்டு மந்திரி பக்கத்துக்குப் பச்சை. ஆட்டுத் தலை அரக்கன் பக்கத்துக்குப் பச்சை. அவ்வளவு பாடுபட்டு எழுதிய என் உப்பாயி பக்கத்துக்கு இல்லை.

பல்லில் மாட்டின மீன் முள் மாதிரி அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் அவசரக்காரன் இல்லை, அக்கா. அவளாகச் சாவாள் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். வயதான பொம்பளை, மழையிலும் பனியிலும் வேலை, ஒரு காய்ச்சல் வராதா என்று பார்த்தேன். அவள் தும்மக்கூட இல்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதில் இதுதான் பெரிய தொல்லை. முடிக்கவே விடமாட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் கடையில் லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருந்தபோது, நானே எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்தது. "எவ்வளவு சுமையோடு வந்தாலும் உப்பாயி ஏற்றிக்கொள்வாள், இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது." இரண்டு சாட்சிகளோடு உறுதி செய்த வரி. எவ்வளவு நல்ல குணம் என்று அன்றைக்கு நெகிழ்ந்துதான் எழுதினேன். இப்போது அதையே ஒரு இரும்புக் கடைக்காரனாகப் படித்துப்பார்த்தேன், அவ்வளவுதான்.

பனிக்கரைச் சந்தையில் கிடைப்பதிலேயே கனமான சாமான் பட்டறைக்கல். கொல்லன் இரும்பை வைத்து அடிப்பானே, அது. ஊரில் இருந்த எல்லாக் கொல்லர்களிடமும் வாங்கினேன். அங்கே கொல்லர்கள் ஒரு வாரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதையும் கொல்லர் பக்கத்தில் குறித்துவைத்திருக்கிறேன். என் ஒருவன் மூட்டையில் அத்தனையும் கொள்ளவில்லை. தவிர, நம் விதிப்படி இரண்டாவது சாட்சியும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானத்தில் ஓய்வாக இருப்பவர், பொய் சொல்லத் தெரியாதவர், உப்பாயி பேசினால் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாதவர் என்று பார்த்தால் யேசுதாஸ் அண்ணனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

போன் போட்டேன். "அண்ணே, அக்கரைக்குக் கொஞ்சம் சாமான் போகணும். ஒரு மூட்டையை நீங்க வச்சுக்கிடுதீங்களா?"

"யாருக்கு மாமு?"

"கல்யாணச் சீர், அண்ணே."

"கண்ணாலமா? குடு குடு, நான் எடுத்துகினு வரேன்" என்று சிரித்தார். மூட்டைக்குள் என்ன என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. தங்கமான மனுஷன், அக்கா. இந்தக் காலத்தில் அப்படி ஒருத்தரைப் பார்க்க முடியாது.

ஏறினோம். உப்பாயி வழக்கம்போல, "வா நைனா, குந்து. ஆடாத" என்றாள். அண்ணன் போனில் அந்தப் பக்கம் குழந்தை மாதிரி சிரித்தது எனக்குக் கேட்டது. பாதிக் கழிமுகம் தாண்டியதும் பலகைக்கு மேலே தண்ணீர் வந்தது. "டேய் தேவா, தண்ணி ஏறுதுடா. படகு இன்னாடா இம்மாம் வெயிட்டு கீது?" என்று அண்ணன் பதறினார். நான் திரையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன், குறுக்கே என் குரல் விழுந்துவிடக் கூடாது. உப்பாயி துடுப்பை எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். அத்தனை வருஷமாக யாருமே கேட்டிராத அந்த வசனத்தைச் சொன்னாள்.

"நைனா, உனக்கு நீச்சல் தெரியுமா?"

அப்புறம் பனி மூடிக்கொண்டது.

அழுகிறீர்கள். தெரியும். அது நீங்கள் எழுதிய வசனம். யாரோ ஒரு அம்மா குளத்தங்கரையில் பிள்ளையைக் கேட்கிறாள் என்று நினைத்துப் போகிறபோக்கில் எழுதியிருப்பீர்கள். படகுக்காரி தான் முழுகும்போது கேட்கிற கேள்வி என்று உங்களுக்கே தெரியாமல் இருந்தது. என்னால் இன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. இதற்காக நீங்கள் நன்றி எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு நீச்சல் தெரியும், அக்கா. முந்தின நாளே பனிக்கரை மீனவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். பதிவு எடுப்பவன் கரை சேர வேண்டாமா? அண்ணனிடம் அதைச் சொல்ல விட்டுப்போய்விட்டது. விளையாட்டில் அவர் எடுத்திருந்த வேடம், கடல்சிங்கம் சூசை, இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள், பட்டறைக்கல் மூட்டையோடு உள்ளே போய்விட்டார். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. போனில் அண்ணன் "உப்பாயி பூட்ச்சா?" என்று கேட்டார். தன் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு அருமையான சாட்சி பாருங்கள். அதை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். பனிக்கரையில் பெரிய பாத்திரம் செத்தால் இங்கே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டுவது நம் வழக்கம். கிழட்டு ராஜா செத்தபோது கட்டினோமே, யாரோ கட்சிக்காரர் வந்து உண்மையான பெரியவர் என்று நினைத்து மாலை போட்டு, ராஜா தனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததாக மைக்கில் பேசிவிட்டுப் போனார். உப்பாயிக்கு அதைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்று இருந்தேன். முகூர்த்த நாளாக இருந்தது. பிளெக்ஸ் கடையில் கல்யாண வேலை குவிந்துகிடக்கும், அஞ்சலிக்கு மெஷின் கிடைக்காது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன், முன்கூட்டியே ஆர்டர் கொடுப்பதுதான் புத்தி. அதனால் வெள்ளிக்கிழமையே போனேன்.

கடைக்கார அத்தாவுல்லா பாய் மறைந்த தேதி கேட்டார். வருகிற ஞாயிறு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில கை விரிச்சிட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் பாய் என்றேன். பாவம், அவர் கண் கலங்கி, ஓரத்தில் ரோஜாப் பூ பார்டரைச் சும்மாவே போட்டுக் கொடுத்தார். திங்கள்கிழமை அந்தப் பிளெக்ஸ் முன்னால் மீன் கூடையோடு நின்று, "எந்த வூட்டுப் பொம்பளையோ, மொகத்துல இன்னா ஒரு களை" என்று நாலு பேர் அழுததை நீங்களே பார்த்தீர்கள். அங்கே வந்த பாய் உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போய், "சாவறதுக்கு முன்னாடியே வந்து உங்க பையன் எங்கடைல ஒரே அழுகைமா" என்றாராம். ஒரு திருத்தம். நான் அழவில்லை. பார்டர் விஷயமாகப் பேசினேன்.

ஆக, உப்பாயியை மூழ்கடித்தது நான்தான். யேசுதாஸ் அண்ணனின் சூசையைக் கூடவே அனுப்பியதும் நான்தான். அதற்காக என்னைக் கொலைகாரன் என்று ஜெமிமா குழுவில் எழுதியிருப்பது பொருந்தாது. எதையும் மாற்றுகிற ஆள் நான் இல்லை. நடப்பதை நடந்தபடி எழுதுகிறவன். பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஒரு பொய் இருக்கிறதா? இரண்டு சாட்சி இருக்கிறது. பச்சைக் குறி விழுந்திருக்கிறது. எவ்வளவு அழகாக இருக்கிறது.

உரிமையைப் பறிப்பதானால் பறித்துக்கொள்ளுங்கள், தடுக்கமாட்டேன். அடுத்த வாரம் வரை மட்டும் பொறுங்கள். களஞ்சியத்தை உருவாக்கியவர்கள் என்று நமக்கும் ஒரு பகுதி வேண்டும் இல்லையா, அதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் பக்கம் உங்களுடையதுதான். பிறந்த தெரு, படித்த பள்ளி, இஞ்சி டீ எல்லாம் வந்துவிட்டது. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி.

யேசுதாஸ் அண்ணன் கோபத்தை மறந்து, ஞாயிற்றுக்கிழமை எண்ணூர்க் கழிமுகத்துக்கு எல்லோரையும் நிஜப் படகிலேயே கூட்டிப்போகிறேன், உப்பாயிக்குப் பூ போட்டுவிட்டு வரலாம் என்கிறார். நல்ல யோசனை. சாப்பாட்டுக் கூடை என் பொறுப்பு. கொஞ்சம் கனமாக இருக்கும், யாரும் திறந்து பார்க்க வேண்டாம். நர்மதா, நீயும் கட்டாயம் வரவேண்டும், இரண்டாவது ஆள் இல்லாமல் முடியாது.

அது இருக்கட்டும் அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?