கொடி கட்டாத நாள்

எனக்கு மீன் ஆகாது சார். அதை முதல்லயே சொல்லிடறேன். சின்ன வயசுல இருந்தே கவுச்சி வாசனை மூக்குல ஏறினா சோறு இறங்காது. பிரம்மதேசத்துல எங்களுக்கு ரெண்டு ஏக்கர் இருக்குது, மல்லாட்டையும் கேப்பையும் போடுவோம். கடல் பக்கம் போறதுன்னா வருசத்துக்கு ஒரு தடவை, மாசி மகத்துக்கு சாமி கூடப் போறதோட சரி. அப்படிப்பட்ட என்னைப் போயி குப்பத்துக்கு அனுப்பினாங்க. இது நானா தேடிப் போன வேலை இல்லைன்னு உங்களுக்கே புரியும்.

பேரு பூவரசன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ரெண்டாயிரத்து எட்டுல திண்டிவனத்துல 'கரையோசை'ன்னு ஒரு டிரஸ்ட்டு தகவல் மையம் தொறந்தாங்க, அதுல சேர்ந்தேன். மீனவக் குடும்பங்க எல்லாரோட செல்போன் நம்பரையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிக்கினு, கடல் மோசமாயிடும்னு தெரிஞ்சா மையத்துல இருந்து எல்லாருக்கும் உடனே மெசேஜ் போயிடும். அதான் திட்டம். நல்ல திட்டம் சார். இன்னிக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் குடுத்தது மரக்காணத்துக்குத் தெற்கே நாவக்குப்பம், அறுபத்து நாலு வீடு.

பிரச்சனை என்னன்னா, அங்க வீட்டுக்கு ஒரு ஃபோன் இருந்தாலே பெருசு. அந்த ஃபோனையும் பொம்பளைங்க மீன் விக்கப் போறப்ப கூடையோட எடுத்துக்கினு போயிடுவாங்க. கடலுக்குப் போறது ஆம்பளை, ஃபோன் இருக்கறது திண்டிவனம் மார்க்கெட்டுல. துரைக்கண்ணுன்னு ஒருத்தர், சொந்தமா ஃபைபர் படகு வச்சிருந்தவரு, நல்லா கிண்டல் பேசுவாரு. "எங்க ஃபோனு கூடையிலதான் கீது, நீ அனுப்பற மெசேஜை கெளுத்தி மீனுதான் படிக்கணும்"னு சொல்லி சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு வந்துது. ஆனா திங்கக்கிழமை ஆனா எங்க மையத்துப் பொறுப்பாளர் விசாலாட்சி மேடம் எத்தினி பர்சன்ட் முடிஞ்சுதுன்னு கேப்பாங்க. அவங்ககிட்ட கெளுத்தி மீன் கதையைச் சொல்ல முடியாது.

அதனால ஃபோனே இல்லாத இருபத்தோரு வீட்டுக்கு என் நம்பரைப் போட்டேன். தப்பு எண்ணத்துல போடல சார். மெசேஜ் எனக்கு வந்தா நானே பைக்கை எடுத்துக்கினு போய்ச் சொல்லிடலாம்னுதான் போட்டேன். அப்படித்தான் செஞ்சேன். எங்க ஊர்ல இருந்து அரை மணி நேரம். மீன் ஏலக் கொட்டாய் பக்கத்துல ஒரு சவுக்குக் கம்பு நட்டு, மெசேஜ் வந்த அன்னிக்கு அதுல செவப்புத் துணி கட்டுவேன். ஜனங்களுக்கு அது புடிச்சிருந்துது. படிக்கத் தெரியணும்னு இல்ல, ஃபோன் வேணும்னு இல்ல, தலையைத் தூக்கிப் பாத்தா போதும். என்னைப் பாத்தா 'வாங்க தம்பி'ன்னு டீ வாங்கிக் குடுப்பாங்க. எங்க ஊர்ல என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல.

அப்புறம் ரெண்டு மூணு தடவை கொடி கட்டின அன்னிக்கெல்லாம் கடல் சும்மாவே இருந்துடுச்சி. ஊர் நாட்டாரு ராஜாங்கம், அவர் பேச்சுதான் அங்க சட்டம், என்னை ஏலக் கொட்டாயில நிக்க வச்சிக் கேட்டாரு. "கடலு தாம்பாளமாட்டம் கெடக்குது, நீ துணியக் கட்டிக்கினு போயிட்ட. எங்க அடுப்புல என்னாத்த வைக்கறது?" சுத்தி நாப்பது பேரு. எனக்கு அழுகையே வந்துடுச்சி சார், சொல்றதுக்கு என்ன. அன்னியில இருந்து எந்த மெசேஜுக்குக் கொடி கட்டணும், எதுக்கு வேணாம்னு நானே பாத்து முடிவு பண்ண ஆரம்பிச்சேன். அவங்க நல்லதுக்குத்தான். அவங்களும் பழகிட்டாங்க. பூவரசன் கொடி கட்டலைன்னா தொழிலுக்குப் போலாம், அவ்ளோதான். டி.வி.யில என்ன சொன்னாலும் கம்பைத்தான் பாப்பாங்க.

இப்ப லிஸ்ட்டைப் பத்தி. விசாரணைக்குன்னு நீங்க பிரிண்ட் எடுத்து வச்சிருக்கறது சரிதான் சார். அறுபத்து நாலு பேருக்கு எதிர்லயும் ஒரே நம்பர், அது என்னுதுதான். இருபத்தொண்ணுன்னு இப்பதான சொன்னன்னு நீங்க கேப்பீங்க. மீதி நாப்பத்து மூணு வீட்டுக்கும் ஃபோன் இருந்துது. அவங்க நம்பரை வாங்கி முதல்ல ஒழுங்காத்தான் போட்டேன். ஆனா சார்ஜ் இருக்காது, சிம்மை மாத்திக்கினே இருப்பாங்க, டெலிவரி ஆகாது. ஒவ்வொரு தடவையும் நாப்பது பர்சன்ட், நாப்பத்தஞ்சு பர்சன்ட்னு காட்டும். மேடம் என்னைத் திட்டல, பெருமூச்சு விட்டாங்க. அது திட்டறதை விட பேஜாரு. ஒரு நாள் சாயந்திரம் உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினேன். ஒரே நம்பரை எத்தினி தடவை போட்டாலும் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேக்கல. அடுத்த வாரத்துல இருந்து நாவக்குப்பம் நூறு பர்சன்ட்.

ரெண்டாயிரத்து ஒம்போது ஐப்பசியில, ஒரு வியாழக்கிழமை, விழுப்புரத்துல கல்யாண மண்டபத்துல டிரஸ்ட்டு விழா. நூறு பர்சன்ட் எடுத்தவங்களுக்கு ஷீல்டு. என் ஒருத்தனுக்குத்தான் அது. ரெண்டாவது வரிசையில மேடம் பக்கத்துல உக்கார வச்சாங்க. பத்தே முக்கால் இருக்கும், பாக்கெட்டுல ஃபோன் துடிக்க ஆரம்பிச்சுது. எடுத்துப் பாத்தேன். சாயந்திரத்துல இருந்து பலமான காத்து, யாரும் கடலுக்குப் போகக் கூடாது. இந்தத் தடவை சும்மா இல்லைன்னு எனக்கே தெரிஞ்சுது, வழக்கமான மெசேஜ்ல 'யாரும்'னு இருக்காது. அதே மெசேஜ் அறுபத்து நாலு தடவை வரணும்.

என்னுது பழைய ஃபோன் சார். இன்பாக்ஸ்ல அம்பதுதான் கொள்ளும். நிறைஞ்சிடுச்சின்னா மீதி டெலிவரி ஆகாது. ஷீல்டு குடுக்கற அன்னிக்கே எழுபத்தெட்டு பர்சன்ட்டுன்னு ரிப்போர்ட் வந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. அதனால நான் அங்கயே உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சேன். ஒண்ணு வரும், அழிப்பேன், அடுத்தது வரும். மேடம் என்னன்னு பாத்தாங்க, ஃப்ரெண்ட்ஸ் வாழ்த்து சொல்றாங்கன்னு சொன்னேன். பதினொண்ணே காலுக்குள்ள அறுபத்து நாலும் வந்து சேர்ந்துடுச்சி.

நாட்டாரு நம்பர் எனக்கு மனப்பாடம். படகுங்க கெளம்பறது மூணு மணிக்கு மேலதான். ஏன் ஒரு ஃபோன் பண்ணலைன்னு கேப்பீங்க. பண்ணா அவரு கேப்பாரு, எங்க நம்பரையெல்லாம் எழுதிக்கினு போனியே, எங்களுக்கு ஏன் வரலைன்னு. மேடம் கையெட்டற தூரத்துல இருக்காங்க. நான் என்ன பதில் சொல்லறது? விழா முடிஞ்சதும் ஜல்தியா கெளம்பி நேர்லயே போயிடலாம்னு நெனச்சேன். அப்புறம் போட்டோ எடுத்தாங்க, சாப்பாடு போட்டாங்க, பாதியில எழுந்திரிச்சா மரியாதை இல்ல. விக்கிரவாண்டி டோல்ல பஸ்ஸு அரை மணி நேரம் நின்னுடுச்சி. என் கையில ஒண்ணுமே இல்ல சார். கூட்டேரிப்பட்டு வந்தப்ப மணி நாலு. மரமெல்லாம் ஆட ஆரம்பிச்சிடுச்சி. அங்க இருந்து ஒரு ஃபோன் பண்ணேன், அதை மறைக்கல. எங்க வீட்டுக்காரம்மா துர்காவுக்குப் பண்ணேன். ஷீல்டு வாங்கிட்டேன், கேசரி பண்ணி வையின்னு சொன்னேன்.

நாவக்குப்பத்துல இருந்து அன்னிக்கு ஒம்போது படகு போச்சி. பக்கத்துக் குப்பத்துல இருந்து ஒண்ணு கூடப் போகல. எட்டு திரும்பி வந்துடுச்சி. துரைக்கண்ணும் அவர் கூடப் போன ரெண்டு பேரும் வரல. ரெண்டு நாள் கழிச்சி அவரை மட்டும் அலை கொண்டாந்து போட்டுது. நான் போய்ப் பாக்கல. எனக்குத்தான் அந்த வாசனை ஆகாதே.

மேடம் கேட்டது ஒரே கேள்வி. "பூவரசன், டெலிவரி ஆச்சுதான?" ஆச்சு மேடம்னு சொன்னேன். அது பொய் இல்ல சார். அறுபத்து நாலு பேருக்கும் தகவல் போயும் மூணு பேரு அலட்சியமா போனாங்கன்னு டிரஸ்ட்டுல ரிப்போர்ட் எழுதினாங்க. டைப் பண்ணது நான்தான். கொடி ஏன் கட்டலைன்னு நாட்டாரு கேட்டாரு, விழாவுக்குப் போயிருந்தேன், மெசேஜ்தான் உங்க ஃபோனுக்கெல்லாம் வந்துதேன்னு சொன்னேன், கூடையோட போன ஃபோனை யாரு பாத்தாங்க.

அடுத்த மாசம் துரைக்கண்ணு சம்சாரம் கிருஷ்ணவேணி அக்கா மையத்துக்கு வந்தாங்க. ஊர்ல எல்லாம் ஒரு மாதிரி பேசறாங்களாம், மெசேஜ் வந்தும் திமிர்ல போயி ரெண்டு பேரையும் சேத்து சாகடிச்சிட்டான்னு. கூடப் போனவங்க வீட்டுல இவங்களோட பேச்சு வார்த்தை இல்லியாம். "மெய்யாலுமே அவருக்கு வந்துதா தம்பி? நீ பொய் சொல்ல மாட்ட, நீயே பாத்து சொல்லு"ன்னாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஸ்க்ரீனை அவங்க பக்கம் திருப்பி, விரலை வச்சிக் காட்டினேன். துரைக்கண்ணு, பத்து அம்பத்தி ரெண்டு, டெலிவர்டு. வந்திருக்குது அக்கான்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பாத்துக்கினு இருந்தாங்க. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே பாவி மனுசன்"னு சொல்லி அழுதாங்க. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துது. தண்ணி குடுத்தேன். ஏதோ ஒரு பதில் தெரிஞ்சிட்டா மனுசனுக்கு ஆறுதல்தான சார்.

போறப்ப முந்தானையில முடிஞ்சி வச்சிருந்த ஒரு சீட்டை எடுத்துக் குடுத்தாங்க, அவங்க நம்பர் எழுதினது. "எனக்கு ஒரே தம்பி, கண்ணையன். அவனும் கடலுக்குத்தான் போறான். இனிமே ஃபோனைக் கூடையில போட மாட்டேன், இடுப்புலயே சொருகிக்கினு இருப்பேன். எங்கிட்டயே வர்ற மாதிரி பண்ணிடு, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்"னாங்க.

அவங்க எதிர்லயே அந்த நம்பருக்கு ஒரு தடவை அடிச்சுப் பாத்தேன் சார். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துது, சார்ஜ் போடல போல. எதுக்கு அந்த அக்காவுக்குக் கஷ்டம்னு என் நம்பரையே போட்டு வச்சேன்.