நாலாவது டின் சந்தனம்

— இதுவும் அது இல்லயாம் திலகா.

— எது எது இல்லயாம்? முதல்ல உட்காருங்க ஜமீல் அங்கிள். வேர்த்து ஊத்துது உங்களுக்கு.

— உட்கார நேரமில்ல. உன் கடையில மூணு டின் சந்தன கலர் வாங்கிட்டேன். மூணையும் ஹால்ல அடிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் மைமூன் வந்து வாசல்ல நிக்கிறா, எட்டிப் பார்க்குறா, 'இது என் கலரு இல்ல'ங்கிறா, வந்த காடியிலயே ஏறித் தங்கச்சி வீட்டுக்குத் திரும்பிடுறா.

— தஞ்சோங் கிளிங்குக்கா?

— ஆமா. அங்கேயே டேரா போட்டுட்டா. வெள்ளிக்கிழமை என் மக நஜ்வாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. பெத்தவ வீட்டுல இல்லாம, நான் ஒத்தை ஆளா நின்னு 'வாங்க, வாங்க'ன்னு பல்லைக் காட்டணுமா? இன்னிக்குச் செவ்வாய். மூணு நாளுக்குள்ள அவ வீட்டுக்கு வந்தாகணும், சொல்லிப்புட்டேன்.

— ரிலாக்ஸ் லா அங்கிள். சுவத்துல சுரண்டிக் கொண்டு வரச் சொன்னேனே, எங்க?

— இந்தா. அலமாரிக்குப் பின்னாடி மங்காம இருந்த பழசு ஒண்ணு, நேத்து அடிச்சது ஒண்ணு.

— கலர் அளக்குற மெஷின்ல வைக்கிறேன், இருங்க... பாருங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் அரைப் புள்ளிகூட வரல. ஒரு புள்ளிக்குக் கீழ போனா மனுஷக் கண்ணுக்கே தெரியாது.

— மெஷின் என்னத்தைக் கண்டுச்சு? தெங்கேராவுல முப்பது வருஷமா துணிக்கடை வச்சிருக்கேன். கலரைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?

— சரி, அந்த முப்பது வருஷக் கண்ணால பார்த்து நீங்களே சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா, வேறயா?

— ஒண்ணுதான்.

— அப்புறம் என்ன?

— அதைத்தான் நானும் கேக்குறேன்! நான் ஒண்ணுங்கிறேன், நீ ஒண்ணுங்கிற, உன் மெஷினும் ஒண்ணுங்குது. அவ மட்டும் 'நீலம் ஓடுது, ஆஸ்பத்திரி சுவரு மாதிரி இருக்கு'ங்கிறா.

— ஹால்ல லைட்டு ஏதும் மாத்தினீங்களா?

— லைட்டுக்கு என்ன இப்ப?

— உங்க கடையில சேலை எடுக்க வர்றவங்க, அதைத் தூக்கிட்டு ஏன் வாசலுக்கு ஓடுறாங்க?

— டியூப் லைட்டு ஏமாத்தும், வெயிலு ஏமாத்தாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

— அதான் கேட்டேன்.

— அதே பழைய லைட்டுதான். பகல்லயும் வந்து பார்த்தா, பொழுது சாயவும் வந்து பார்த்தா. ரெண்டு நேரமும் திட்டுதான் விழுந்துச்சு.

— பெயிண்ட் அடிச்ச ஆளு ஏதாவது கலந்துட்டாரா?

— காளிதாஸா? அவன் ரெண்டாவது தடவையே பிரஷ்ஷைப் போட்டுட்டு ஓடிட்டான். 'முதலாளி, உங்க வீட்டம்மாவுக்கு வேணுங்கிற கலரு இன்னும் பொறக்கலை'ன்னு சொல்லிட்டுப் போறான். மூணாவது தடவை நானே ஏணி போட்டு ஏறி அடிச்சேன். இடுப்பு போச்சு. கடையை மச்சான் பார்த்துக்குறான், என்னத்தைப் பார்க்குறானோ.

— அலாமா! நீங்களேவா அடிச்சீங்க?

— அது மட்டுமா? நாலு நாளா காலையில எழுந்திரிச்சதும் ரொட்டி சானாய் கட்டிக்கிட்டு தஞ்சோங் கிளிங் போறேன். உன் கலர் கார்டை விரிச்சு வச்சுக்கிட்டு, 'இதுவா பாரு, அதுவா பாரு'ன்னு கேட்டுக்கிட்டே நானும் கூட உட்கார்ந்து பசியாறுறேன். அவ மெதுவா சாப்பிட்டுக்கிட்டே 'இல்ல... இதுவும் இல்ல'ங்கிறா. எங்க பக்கத்துல கெஞ்சினா மிஞ்சுவாங்கன்னு சொல்லுவாங்க. சரியாப் போச்சு.

— பாவம் அங்கிள் நீங்க.

— ஒண்ணு கேக்குறேன். அந்தக் காலத்துல கடைக்காரன் கண்ணால பார்த்துக் கலக்கிக் குடுப்பான், வேலை முடிஞ்சுது. இப்ப எதுக்கு இந்த மெஷினு, நம்பரு எல்லாம்?

— இங்க வர்றதுக்கு முன்னாடி நான் பிளாஸ்டிக் ஃபேக்டரில இருந்தேன். காடியோட பம்பரை ஒரு இடத்துல செய்வாங்க, கதவை இன்னொரு இடத்துல செய்வாங்க. கொண்டு வந்து மாட்டுனா ஒரே சிவப்பா இருக்கணும், இல்லேன்னா யாரு வாங்குவா? எங்க சூப்பர்வைசர் காலையில 'சரி'ம்பாரு. சாப்பிட்டு வந்து அதே பம்பரைப் பார்த்து 'சரியில்ல'ம்பாரு. கண்ணுக்குக் களைப்பு உண்டு, கோபம் உண்டு, பக்கத்துல என்ன கலர் இருக்கோ அதுவும் இழுக்கும். நம்பருக்கு இதெல்லாம் கிடையாது. சண்டை வராம இருக்கத்தான் அளக்குறது.

— நல்லா அளந்தே! என் வீட்டுல சண்டை நின்னுச்சா?

— சும்மா கிண்டல் பண்ணாதீங்க. ஆமா, முதல்ல ஆன்ட்டி எதுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனாங்க?

— ஆபரேஷன் முடிஞ்சு ரெஸ்ட் எடுக்கத்தான். நான் விடிஞ்சா கடை, அடைஞ்சா வீடு. பார்த்துக்க ஆளு வேணும்ல? அவ திரும்பி வர்றதுக்குள்ள ஹாலைப் புதுசாக்கிடலாம்னு நினைச்சேன். வீடு வாங்குனப்போ அவ ஆசைப்பட்டு எடுத்த கலரு, மங்கிப் போயிருந்துச்சு. பார்த்ததும் சிரிப்பான்னு நினைச்சேம்மா.

— என்ன ஆபரேஷன்?

— கண்ணுல புரை. வலது கண்ணு மட்டும் ஆச்சு. இடது கண்ணு அடுத்த மாசம்.

— அங்கிள்!

— ஏம்மா கத்துற?

— மூணு டின் வாங்கியிருக்கீங்க, இதை ஒரு தடவையாச்சும் சொன்னீங்களா?

— பெயிண்ட் கடையில வந்து பொண்டாட்டி கண்ணைப் பத்திப் பேசுவாங்களா?

— பேசணும் லா! புரை விழுந்தா கண்ணுக்குள்ள மஞ்சக் கண்ணாடி போட்ட மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல மஞ்சளாகும், நமக்கே தெரியாது. அதை எடுத்துட்டா வெள்ளை வெள்ளையா தெரியும், நீலம் பளிச்சுன்னு தெரியும். என் மாமியார் ஆபரேஷன் முடிஞ்சு வந்து, 'என்னடி, புது ஃபிரிட்ஜா?'ன்னு கேட்டாங்க. பத்து வருஷப் பழைய ஃபிரிட்ஜு அது!

— யா அல்லா! அப்ப என் சுவரு?

— உங்க சுவத்துல ஒண்ணும் இல்ல. ஆன்ட்டியை இங்க கூட்டிட்டு வர முடியுமா?

— இன்னிக்குக் கிளினிக்குக்குப் போறா, இந்த கிளேபாங் வழியாத்தான் போகணும். தங்கச்சி மகன் முஃபீத் காடி ஓட்டுறான். இரு, போன் போடுறேன்... முஃபீத், எங்கடா இருக்கே?... பக்கத்துலதானா? பெயிண்ட் கடை வாசல்ல நிறுத்து. பெரியம்மாவை ஒரு நிமிஷம் இறங்கச் சொல்லு. கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லு... அதோ, வந்துட்டாங்க திலகா.

— என்னங்க நஜ்வா வாப்பா, நாலாவது டின்னா?

— நீ உட்காரு மைமூன். இந்தப் பிள்ளை ஏதோ கேக்கணுமாம். திலகா, நீயே கேளும்மா.

— வாங்க ஆன்ட்டி. அந்தக் கருப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுறீங்களா? வெளிச்சம் கூசுனா சொல்லுங்க. இந்தக் கார்டுதான் உங்க ஹால் கலர். இடது கண்ணைக் கையால மூடிக்கிட்டுப் பாருங்க. எப்படித் தெரியுது?

— வெள்ளை, மகளே. ஓரத்துல நீலம் ஓடுது.

— இப்ப வலது கண்ணை மூடிக்கிட்டு, அதே கார்டைப் பாருங்க.

— சந்தனம்.

— கேட்டீங்களா அங்கிள்? ஒரே கார்டு!

— மைமூன்! ஒரே கார்டுடி அது! நான் ஏமாத்தல, கடைக்காரப் பிள்ளை ஏமாத்தல, காளிதாஸும் ஏமாத்தல!

— உங்களை யாருங்க ஏமாத்துக்காரருன்னு சொன்னா? கொஞ்சம் இப்படித் திரும்புங்க. இந்தச் சட்டை வெள்ளையா?

— ஜும்ஆவுக்குப் போடுற சட்டை, வெள்ளை இல்லாம?

— புதுக் கண்ணுல பளபளன்னு வெள்ளை. பழைய கண்ணுல பழுப்பு. அழுக்கு போகல போகலன்னு எத்தனை வருஷமா இதைப் போட்டுத் தேய்ச்சிருக்கேன்!

— அதான் காலரு நூல் நூலா பிரிஞ்சு போச்சா!

— சரி, இப்ப ஹாலுக்கு என்ன பண்றது? ஆன்ட்டியோட பழைய கண்ணுக்கு ஏத்த மாதிரி கலக்கித் தரவா, புதுக் கண்ணுக்கு ஏத்த மாதிரி தரவா?

— எந்தக் கண்ணுக்குன்னு நீயே சொல்லு மைமூன். இடுப்பு போனா போகுது, இன்னொரு தடவை ஏணியில ஏறிடுறேன்.

— ஏற வேணாம். ஒரு கண்ணுக்கு ஏத்தா இன்னொரு கண்ணு கோவிச்சுக்கும். அடுத்த மாசம் அந்தக் கண்ணும் மாறப் போகுது. இருக்குறது அப்படியே இருக்கட்டும்.

— அப்ப வீட்டுக்கு...?

— வராம? என் மகளைப் பார்க்க வர்றவங்களுக்கு நீங்களா தேத்தண்ணி கலக்கப் போறீங்க?

— அல்ஹம்துலில்லாஹ்! திலகா, உன் கைக்குத் தங்க வளையல் போடணும்மா. மைமூன், நீ இங்கயே இரு. முஃபீத்தைப் போகச் சொல்லிட்டு வந்துடுறேன். கிளினிக்குக்கு நானே கூட்டிட்டுப் போறேன், அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்.

— பார்த்து நடங்க, இடுப்பு!

— எவ்வளவு சந்தோஷமா ஓடுறாரு பாருங்க ஆன்ட்டி. ஆமா, கலரு இப்படி மாறித் தெரியும்னு ஆஸ்பத்திரியில யாரும் உங்களுக்குச் சொல்லலயா?

— காடிக்கிட்ட போயிட்டாரா மகளே?

— போயிட்டாரு. முஃபீத்கிட்ட கையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டு இருக்காரு.

— சொன்னாங்களே. ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டரு ரெண்டு படத்தை வச்சுக் காட்டி, பழைய கண்ணுல இப்படி, புதுக் கண்ணுல அப்படின்னு விளக்கமா சொன்னாரு.

— பின்ன ஏன் ஆன்ட்டி? பாவம், மூணு தடவை பெயிண்ட் அடிக்க வச்சிட்டீங்களே!

— கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல, அவரு காலையில என்கூட உட்கார்ந்து பசியாறுனது இந்த நாலு நாளுதாம்மா. முதல் தடவையே 'கலரு சரியா இருக்கு'ன்னு சொல்லியிருந்தா, மறுநாள் காலையிலயே கடையைத் திறக்கப் போயிருப்பாருல்ல?