எல்லைக்கு அந்தப் பக்கத்து இலை

இலை வாருவதற்கு ஞாயிறு மதியத்தை விட்டால் வேறு நல்ல நேரம் கிடையாது, மேடம். நம் விஸ்கான்சினில் அந்த நேரத்தில் ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பந்தாட்டம் பார்க்கும். தெருவில் ஒரு நாய்கூட நடமாடாது. டிராக்டர் இரைகிறது என்று யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள்.

லோவெல் டீட்ரிக், வயது அறுபத்தெட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு ஏக்கர் புல்வெளி, பதினாறு மேப்பிள் மரங்கள், உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் டிராக்டர் ஒன்று. அடியில் சுழலும் கத்திகள் இலையை நறுக்கும். பின்னால் தொங்கும் இரண்டு பைகள் வாங்கிக்கொள்ளும். பை நிறைந்ததும் தெருவோரம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நவம்பர் இரண்டாம் திங்கட்கிழமை இலை லாரி கடைசி முறையாக வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு உதிர்வதெல்லாம் அவரவர் தலைவிதி.

அந்தத் தலைவிதியை என் தலையில் கட்டியவர்தான் பக்கத்து வீட்டு எம்மெட் ஹால்வர்சன். பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. அவர் வீட்டில் மூன்று ஓக் மரங்கள். ஓக்கின் குணம் உங்களுக்கே தெரியும். மற்ற மரமெல்லாம் மொட்டையாகி, லாரியும் வந்து போன பிறகுதான் அதற்கு உதிர்க்கத் தோன்றும். காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அவர் வீடு மேற்கில். பதினொரு வருடம் அவருடைய இலையை நான் வாரியிருக்கிறேன். அவர் ஒரு நாளும் வாரியதில்லை.

சோம்பேறி என்றால்கூட மன்னித்திருப்பேன். கொள்கை என்றார். வாசலில் 'இலைகளை இருக்க விடுங்கள்' என்று பலகை வைத்தார். போன மாதம் வேலியில்லாத எல்லையோரம் நின்று ஒரு தரம் தன்மையாகவே கேட்டேன்.

"அது குப்பை இல்லய்யா லோவெல்," என்றார். "அதுக்கு அடியில மின்மினிப் புழு, பட்டாம்பூச்சிக் கூடு, தவளை, எத்தனை உசிரு தூங்குது தெரியுமா? இந்தக் குளிருக்கு அதுங்களுக்கு இலைதான் போர்வை."

"உங்க போர்வை என் வீட்டுக்குப் பறந்து வருதே?"

"இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குங்க," என்று சிரித்தார்.

என் மனைவி வெர்னாவும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டாள். "அந்த மனுஷன் பாட்டுக்கு இருக்காரு. உங்களுக்குத்தான் வயித்தெரிச்சல். நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, புல்லைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அது வலித்தது. ஆனால் நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

அந்த ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தேன். காதில் இரைச்சல் தடுக்கும் மூடி. இரண்டாவது சுற்றில், எல்லைக்கு அந்தப் பக்கம் எட்டடி தூரத்தில் எம்மெட் கிடந்தார். ஈர இலையில் வழுக்கி விழுந்திருக்கிறார். அவருடைய இலைதான், அதையும் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். டிராக்டரில் போகிறவரைப் பார்த்து ஒருவர் கையைத் தூக்கினால் பதிலுக்குத் தூக்குவதும், நிற்காமல் போவதும் இங்கே எல்லோரும் செய்வதுதானே. நின்று பேசினால்தான் அதிசயம்.

மூன்றாவது சுற்றிலும் தூக்கினார். நானும் தூக்கினேன். பதினொரு வருடத்தில் அவர் எனக்கு இவ்வளவு மரியாதை காட்டியதே இல்லை. நான்காவது சுற்றில் முழங்கை வரைதான் எழுந்தது. நான் குறை வைக்கவில்லை, முழுக் கையையும் தூக்கினேன்.

வலியில் கிடக்கிறார் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரிந்தது, மேடம். கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டுப் பாதையை ஓக் கிளை மறித்துக் கிடக்கிறது. என் புல்வெளி மேல்தான் ஏறி வர வேண்டும். மழை பெய்து ஊறிய மண். சக்கரம் பதிந்தால் அடுத்த ஜூன் வரை தடம் போகாது. மறுநாள் காலை ஏழு மணிக்கு லாரி வேறு. வேலையை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் காற்று மாறிக் குளிர் இறங்கியது. அவர் மெல்லிய சட்டையோடு கிடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அவர் மேல் கிடந்தது நறுக்கிய மேப்பிள் இலை, அவர் வீட்டில் இருப்பதோ ஓக் என்று நீங்கள் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம். ஆமாம், நான்காவது சுற்றுக்குப் பிறகு பைகளைக் கழற்றிவிட்டேன். பை இல்லாவிட்டால் நறுக்கிய இலை டிராக்டரின் வலது பக்கமாகப் பத்தடிக்குப் பீய்ச்சியடிக்கும். அதனால் ஓட்டுகிற திசையையும் மாற்றி, எல்லை வலப்பக்கம் வரும்படி போனேன். அதுவரை பையில் சேர்ந்திருந்ததையும் எல்லையோரம் கொட்டி அதன்மேல் ஓட்டினேன். ஆறாவது சுற்றில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. ஒன்பதாவதில் அதுவும் இல்லை. அவர் சொன்ன போர்வைதான். உயிரியல் படித்தவர் சொன்னதை நான் மறுப்பேனா?

வெயில் சாய்வதற்குள் என் புல்வெளியில் ஓர் இலைகூட இல்லை. இரவுச் சாப்பாட்டில், "எம்மெட் வீட்டுல விளக்கே எரியலியே?" என்றாள் வெர்னா. "போத்திக்கிட்டுத் தூங்கியிருப்பாரு," என்றேன். உருளைக்கிழங்கை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன். அன்றிரவு பனி விழுந்தது. திங்கட்கிழமை தபால்காரர் பார்த்துச் சொன்னதிலிருந்து மற்றது உங்களுக்குத் தெரியும்.

பையைக் கழற்ற வேண்டுமென்றால் என்ஜினை நிறுத்த வேண்டுமே என்று கேட்கிறீர்கள். நிறுத்தினேன். காது மூடியையும் எடுத்தேன். கொக்கி துருப்பிடித்திருந்ததால் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடமும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"லோவெல்... இடுப்பு போச்சுய்யா. யாரையாவது கூப்பிடுங்க. இலைய வாரிடறேன். எல்லா இலையையும் வாரிடறேன். சத்தியமா."

பதினொரு வருடமாக நான் கேட்கக் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான், மேடம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மனிதர் கடைசியில் திருந்திவிட்டாரே என்று அவ்வளவு சந்தோஷம்.

"நீங்க சிரமப்படாதீங்க எம்மெட், நானே பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு என்ஜினைக் கிளப்பினேன்.