எத்திராஜ் அண்ணனின் பன்னீர் ரோஜா

மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டியில் பன்னீர் ரோஜா நன்றாக வரும். அடியில் நாலு ஓட்டை போட்டால் போதும். என் அண்ணன் எத்திராஜ் அப்படித்தான் ஒன்று வைத்தார். வைத்த மூன்றாம் மாதம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது.

உடலைப் பார்க்காமல் காரியம் செய்ய எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் யாருக்கும் மனம் வராது. ஆனாலும் பெரியவர்கள் வந்து பேச்சைத் தொடங்கினார்கள். அண்ணி எழில்மொழிக்கு அப்போது இருபத்து நாலு வயது. செடியைக் காட்டினார்.

"அவரு வச்ச செடி. இது பச்சையா கீற வரிக்கும் அவரும் எங்கியோ கீறாரு. தாலிய எடுக்கச் சொல்லி யாரும் வராதீங்க."

யாரும் வரவில்லை.

அண்ணி விடியும் முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவார். விற்று முடித்து மத்தியானம் வந்து சமைப்பார். நான் வீட்டில்தான் இருப்பேன். நான் வேலைக்குப் போன இடங்களில் எல்லாம் முதலாளிகள் சரியில்லை. ஆகவே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. அதையும் மறந்தேன். அந்தச் சித்திரையிலேயே செடி காய்ந்து குச்சியாகிவிட்டது.

நான் இளகிய மனசுக்காரன். அண்ணி வந்து பார்த்தால் என்ன ஆவார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. வண்ணாரப்பேட்டைக்கு ஓடினேன். தள்ளுவண்டியில் செடி விற்கிறவன் சிரித்தான்.

"இன்னா நைனா, பொண்டாட்டிக்கா?"

"அண்ணிக்குப்பா."

"அத்த சொல்லு!"

அவன் புத்தி அவ்வளவுதான். அதே உயரத்தில் ஒன்றை வாங்கி வந்து நட்டேன். அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் பழகிவிட்டது. ஒரு முறை பூவின் நிறம் கொஞ்சம் அழுத்தமாக அமைந்துவிட்டது.

"இன்னா ஜெகா, கலரு மாறிக்கீது?"

"வெயில்ல கறுத்துட்ச்சி அண்ணி. அண்ணனும் எங்கியோ வெயில்லதான கீறாரு."

அன்றைக்கு அவர் வஞ்சிரம் வறுத்தார். இரண்டு துண்டு எனக்கு.

போன வருஷம்தான் சிக்கல். ஐஸ் வண்டி ஓட்டும் பிரகாஷ், நல்ல மனிதர், குடிக்க மாட்டார், அண்ணியைக் கட்டிக்கொள்வதாக நேராக வந்து கேட்டார். அண்ணி முடியாது என்று சொல்லவில்லை. "செடி இன்னா சொல்லுதுன்னு பாக்கறேன்" என்றார்.

பத்தே நாளில் செடி வாடியது. நான் தண்ணீர் ஊற்றியும் வாடியது. மாற்றினேன். அடுத்ததும் வாடியது. அதையும் மாற்றினேன். பிறகு கதவிடுக்கில் நின்று பார்த்தேன். சந்தையிலிருந்து வந்த அண்ணி, மீன் கூடையில் தேங்கிய உப்புத் தண்ணீரைச் செடியின் வேரில் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அவசரத்தில் ஒரு பெண் எடுக்கும் முடிவை வீட்டு ஆம்பிளை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? மறுநாள் இரண்டு பூ பூத்திருந்த செடியாகத் தேடி வாங்கினேன்.

அண்ணி வந்தார். கூடையை இறக்காமலே வெகு நேரம் நின்றார். பிறகு செடியின் முன்னால் உட்கார்ந்தார்.

"சரிய்யா. எங்கியும் போவல. போதுமா?"

பிரகாஷுக்குத் தை மாதம் திருவொற்றியூரில் வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. அண்ணி போய்விட்டு வந்து இறால் தொக்கு வைத்தார். உப்பு கரித்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும்.

இப்போது வைகாசியில் எனக்குக் கல்யாணம். பெண் பெயர் கீர்த்தி. துணிக்கடையில் வேலை, நன்றாகச் சமைப்பாள். போன வாரம் வீட்டைப் பார்க்க வந்தாள்.

"ஒரே ரூமு, ஒரே அடுப்பு. உங்க அண்ணி இன்னும் எத்தினி நாளு இங்க கீறாங்க?"

நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு நான் புதுச் செடி வாங்கவில்லை. ஆனால் அண்ணி இப்போது ஒரு நாளைக்கு மூன்று முறை நல்ல தண்ணீர் ஊற்றுகிறார். காற்று பலமாக அடித்தால் தன் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுகிறார். செடி தழைத்து நிற்கிறது. ஒன்பது வருஷத்தில் இப்படித் தழைத்ததே இல்லை.

ஆகவே தினமும் அவர் சந்தைக்குப் போனதும் நான் குளிக்கப் போட்ட வெந்நீரில் ஒரு சொம்பு எடுத்து வேரில் ஊற்றுகிறேன். கொதிக்கக் கொதிக்கத்தான். கீழ் இலைகள் உதிர ஆரம்பித்துவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் அண்ணன் இறந்துவிடுவார். காரியத்துக்குப் பந்தல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்புறம் அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போகலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

முப்பத்து மூன்று வயதுதான் ஆகிறது. அவருக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா? இதை யோசித்துப் பார்க்க இந்த வீட்டில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?