ஆமெனுக்கு முந்தி

ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம தாத்தனுக்குத் தாத்தன் பனையேறின காலத்துல, இதே நெடும்பனைவிளையில ஞானாபரணம்னு ஒரு உபதேசியார் இருந்தாராம். அப்ப இந்தக் கல்லுக்கோயில் கெடையாது. ஓலைக்கோயில்தான். சுவரு மண்ணு, கூரை பனையோலை, கதவு மட்டும் வைரம் பாஞ்ச பனம்பலகை. அந்தக் கதவை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க.

காலையில கலியாண ஜெபத்துல நான் பாதியில எந்திரிச்சு வெளிய போனதும் பொண்ணு வீட்டுக்காரவிய சிரிச்சியள்லா. பாதிரி ஐயரு ஆமென் சொல்லாம நிக்காரு, மணியடிக்கிற கெழவன் எங்க போறான்னு. வெத்தலை போடப் போறான்னு ஒரு அம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. விழட்டும். காது கேக்குறதுதான் இங்க என் சோலி. சாப்பிட்டாச்சுல்லா, வண்டி வர நேரமிருக்கு. உக்காருங்க, சொல்லுதேன்.

அந்த ஞானாபரணம் பொல்லாத ஆளு இல்ல. அதை மொதல்லயே சொல்லிப்புடுதேன். நல்ல மனுசன். ஐயரு வருசத்துல ரெண்டு தரம் குதிரையில வருவாராம், போவாராம். மத்த நாள் பூரா ஜெபம் நடத்த, பிள்ளையளுக்கு எழுத்துச் சொல்லிக்குடுக்க, செத்தவியள அடக்கம் பண்ண எல்லாத்துக்கும் உபதேசியார்தான். பொண்டாட்டி செத்துப்போனா. ஒத்தைக்கு ஒரு மக. பேரு பரிபூரணம். இருபது வயசு. கருகருன்னு, பனையேறி மக மாதிரி கையும் காலும். பேச்சு கொஞ்சம், வேலை அதிகம்னு சொல்லுவாவ.

அந்தக் காலத்துல ரெண்டு வருசம் மழை இல்ல. ஊருக் கெணறு வத்திப்போச்சு. சனமெல்லாம் வெள்ளன எந்திரிச்சு பானையைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு நடக்கும். போக அரைநாள், வர அரைநாள். கொண்டுவாற தண்ணியில பாதி வழித்தாகத்துக்கே போயிரும். ஆடு செத்துச்சு, மாடு செத்துச்சு, பனைகூட பாளை விடமாட்டேன்னு நின்னுச்சு. அந்த நேரம் பாத்து இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ஒரு கங்காணி வந்தானாம். கண்டிக்கு வாங்க, காப்பித் தோட்டத்துல மழைக்குப் பஞ்சமே கெடையாதுன்னான். கண்டிக்குப் போனவன் திரும்பி வந்து இந்த ஊருல யாரும் கண்டதில்ல. இருந்தாலும் சாவு, போனாலும் சாவு. சனிக்கிழமை வாறேன், ஒரு பதிலைச் சொல்லுங்கன்னுட்டு அவன் போயிட்டான்.

சபை மூப்பர் சுவாமியடியான் ஊரைக் கூட்டுனாரு. "உபதேசியாரே, போகணுமா இருக்கணுமான்னு எங்களுக்குத் தெரியல. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"யாருகிட்ட கேக்க?"

"நல்லாக் கேட்டீரு. தினம் யாருகிட்டப் பேசுதீரோ அவருகிட்டத்தான்."

ஊரு சிரிச்சுச்சாம். ஞானாபரணம் சிரிக்கல. ஏன்னா அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு முள்ளு தச்சுக் கெடந்துச்சு. போன வருசம் இதே மாதிரி மழைக்காக உபவாசம் இருந்து ஜெபம் பண்ணுனாரு. ரெண்டாம் நாள் வாசல்ல சத்தம். பதனிக் கலயத்தை மாத்தி எடுத்துட்டான்னு ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டு நிக்கான். உபதேசியாரே வாங்க, உபதேசியாரே வாங்கன்னு ஒரே கூப்பாடு. இவரு ஜெபத்தை விட்டுட்டு எந்திரிச்சுப் போயி விலக்குனாரு. மழையும் பெய்யல. உபதேசியார் ஜெபம் கலயச் சண்டையோட முடிஞ்சுபோச்சுன்னு ஊரு கேலி பேசுச்சு. ஊரு வாயை மூட உலைமூடி உண்டா? அன்னைக்கு அவரு ஒரு முடிவுக்கு வந்தாரு. நாம கர்த்தரைக் கேக்க உக்காந்தா, சாத்தான் மனுசக் குரல்ல வந்து கூப்பிடுவான். இனி எந்திரிக்கவே கூடாதுன்னு.

கேக்கியளா? இந்தத் தப்பைச் செய்ய நல்லவனாலதான் முடியும்.

அதனால அவரு சொன்னாரு. "புதன்கிழமை காலையில உள்ள போறேன். தாழ்ப்பாளைப் போட்டுக்கிடுவேன். பதில் கெடைக்கிற வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. எவன் கூப்பிட்டாலும் அது சாத்தான் சத்தம்னுதான் நான் எடுத்துக்கிடுவேன். என் மக கூப்பிட்டாலும் சரி."

உள்ள போறதுக்கு முந்தி பரிபூரணம் வந்து நின்னாளாம்.

"எப்பா, தேரிப் பள்ளத்துல ஒரு மஞ்சணத்தி நிக்குல்லா. எல்லாச் செடியும் கருகிப்போச்சு, அது மட்டும் பச்சையா நிக்கு. அடியில ஈரம் இருக்கும்போல. ஊத்துத் தோண்டிப் பாப்பமா?"

"கர்த்தர் சொல்லட்டும் தாயி. சொன்னா தோண்டுவோம்."

"அவரு சொல்லாமயா எப்பா அந்த இலை பச்சையா இருக்கு?"

"கேக்கப் போற நேரத்துல பேச்சுக் குடுக்காத."

அவ்வளவுதான். கதவைச் சாத்தியாச்சு. அவரு உள்ள கர்த்தரைத் தேடுதாரு. வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சவன் கதைதான். சொல்ல இப்ப எனக்குச் சுளுவா இருக்கு. அன்னைக்கு நான் இருந்தா நானும் கதவைத்தான் சாத்தியிருப்பேன்.

பரிபூரணம் என்ன செஞ்சா? மண்வெட்டியை எடுத்தா, பனையோலைக் கடகத்தை எடுத்தா, பள்ளத்துக்குப் போனா. ஊருல நாலு பேருகிட்டக் கேட்டுப் பாத்தாளாம். உபதேசியார் வாக்கு வராம எவன் மண்ணைத் தொடுவான்னு கைய விரிச்சுட்டாவ. சரின்னுட்டு ஒத்தையில தோண்டுனா. புதன்கிழமை இடுப்பு ஆழம். வியாழக்கிழமை கழுத்து ஆழம். தேரி மண்ணு, அந்தச் செம்மணலு, சாமானியமான மண்ணா? ஒரு கடகம் அள்ளுனா ரெண்டு கடகம் சரியும். சரியிற பக்கமெல்லாம் பனஞ்சட்டத்தைக் குத்துக்கு ஊனி, மணலு சரியாம அண்டை குடுத்துக்கிட்டே தோண்டுனாளாம்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. பள்ளம் ஆளை மறைக்கிற ஆழம் வந்தாச்சு. காலுக்கு அடியில குளுந்துச்சாம். குனிஞ்சு பாத்தா, பெருவிரலைச் சுத்தித் தண்ணி. செக்கச் செவேல்னு தண்ணி. ரெண்டு வருசத்துக்குப் பொறவு இந்த ஊரு மண்ணுல ஊறுன தண்ணி.

ஆனா தண்ணி ஊறுனா மணலு நிக்காது. அடி நனைஞ்சு ஒரு பக்கம் உப்ப ஆரம்பிச்சுட்டு. ஒரு ஆளு சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டா இன்னொரு ஆளு அண்டை குடுத்துரலாம். அந்த ஒரு ஆளு இல்ல. ஊருச் சனம் பூரா ஆத்துக்குப் போயிருக்கு. இருக்கிறது நடக்க மாட்டாத கெழடும் கைப்பிள்ளையும்தான். அவிய வாற வரைக்கும் பொறுத்தா மூணு நாள் பாடும் மண்ணோட மூடிப்போகும். நாளைக்குக் கங்காணி வந்துருவான். அவ ஏறி ஓடியாந்தா. கோயிலுக்கு ஓடியாந்தா.

கதவுல கைய வச்சுக் கூப்பிட்டா. "எப்பா."

உள்ள இவருக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு.

ரெண்டாந்தரம். "எப்பா, ஜெபத்தைக் கலைச்சதுக்கு மன்னிச்சுக்கிடுங்க. ஒரு சட்டத்தைப் பிடிக்கணும். ஒரு கை வேணும். நீங்களே வந்து பாக்கணும் எப்பா."

இவருக்கு மூணு நாள் பட்டினி, நாக்கு வறண்டு கெடக்கு. மக குரலு. உலகத்துல அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே குரலு. பிசாசு வந்தா இந்தக் குரல்லதானே வருவான்னு நெனச்சாராம். பாசம் பெருசா இருக்கிற எடத்துலதான் அவன் கை வைப்பான்னு நெனச்சாராம். முழங்காலை நகத்தாம நின்னாரு.

மூணாந்தரம். "எப்பா, கேக்குதா?"



வெளிய அவ கொஞ்ச நேரம் நின்னா. பொறவு பையச் சொன்னா. "சரி எப்பா. நீங்க கேளுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

காலடிச் சத்தம் போச்சு. உள்ள ஞானாபரணம் சந்தோசப்பட்டாராம். சாத்தானை ஜெயிச்சாச்சு, இனிமே கர்த்தர் பேசுவாருன்னு. இதை அவரே பின்னால வாய்விட்டுச் சொன்னாரு. ஊரு கட்டிவிட்டது இல்ல.

காத்துக்கிட்டே இருந்தாரு. ஒரு சத்தமும் வரல. உச்சி வெயில் லேசாச் சாஞ்சுச்சு. 'நான் பாத்துக்கிடுதேன்'னு அவ சொல்லிட்டுப் போனது மட்டும் காதுல திரும்பத் திரும்பக் கேட்டுச்சாம்.  எந்திரிச்சு தாழ்ப்பாளை எடுத்து கதவைத் திறந்தாரு.

வாசப்படியில ரெண்டு பாதம். ஈரச் செம்மண்ணுப் பாதம். பாத்தா கதவுப் பலகையில கை அச்சு, அதுவும் ஈரச் செம்மண்ணு. ஓரம் காஞ்சு, நடுவுல மட்டும் இன்னும் ஈரம் இருக்கு. ரெண்டு வருசமா காலை நனைக்கத் தண்ணி இல்லாத ஊருல, ஈரக்கால் எங்கயிருந்து வந்துச்சு? மனுசனுக்கு அந்த ஒரு நொடியில எல்லாம் விளங்கிட்டு. பரிபூரணம், பரிபூரணம்னு கத்திக்கிட்டே ஓடுனாரு. இப்ப இவரு கூப்பிடுதாரு. பதில் சொல்ல ஆளில்ல.

பள்ளத்துல குழி இல்ல. மணலு தூந்து கெடக்கு. நடுவுல ஒரு சட்டம் மட்டும் சாஞ்சு நிக்கு. அதைச் சுத்தித் தண்ணி பையப் பையக் கசியுது. கையாலயே தோண்டுனாரு. நகம் பேந்து ரத்தம் வந்துச்சாம், நிறுத்தல. ஆத்துக்குப் போன சனம் பானையோட திரும்பி வந்துச்சு. பானையைக் கீழ வச்சிட்டு எல்லாரும் எறங்குனாவ. மூணு நாளா மண்ணைத் தொடமாட்டேன்னவன் எல்லாம் அழுதுக்கிட்டே அள்ளுனான். எடுத்தாவ. கையில அந்த இன்னொரு சட்டத்தை இறுக்கிப் பிடிச்சபடியே இருந்தாளாம். விரலைப் பிரிக்க அவ அப்பனாலதான் முடிஞ்சுச்சு.

அவளை எடுத்த குழியில தண்ணி பொங்கி நின்னுச்சு. தாகத்துல செத்த ஊரு அது. ஆனா ஒருத்தன் கை நீட்டல. தெளியட்டும்னு காத்திருந்து, அந்தத் தண்ணியில மொதல்ல அவளைத்தான் குளிப்பாட்டுனாவ.

சனிக்கிழமை அடக்கம். கங்காணி வந்து ஓரமா நின்னான். மூப்பர் கேக்கக் கூசிக்கிட்டே கேட்டாரு. "உபதேசியாரே, கர்த்தர் ஏதாச்சும் சொன்னாரா?"

ஞானாபரணம் கல்லறை மண்ணுல உக்காந்தபடியே சொன்னாரு.

"சொன்னாரு. மொதல்ல ஒரு பச்சை இலையை வச்சுச் சொன்னாரு. பொறவு வாசல்ல வந்து மூணு தரம் கூப்பிட்டாரு. எனக்குக் காது கேட்டுச்சுவே. நான் எந்திரிக்கல. வேதத்துல ஒரு பிள்ளை, கர்த்தர் கூப்பிட்டதை மனுசன் கூப்பிட்டதா நெனச்சு ஓடிச்சு. ஓடிப் போனதால ஒரு கேடும் வரல. நான் மனுசக் குரல்னு தள்ளிவச்சுட்டு உக்காந்துட்டேன்."

கங்காணி தனியாத்தான் திரும்பிப் போனானாம். ஒரு குடும்பம் போகல.

அடுத்த நாள் ஞானாபரணம் கோயில் கதவைக் கழத்துனாரு. ஊரு தடுக்கல. அந்தப் பலகையை அறுத்து, ஊத்துக்கு நாலு பக்கமும் அண்டை வச்சாரு. இன்னைக்கு அங்க கல்லு கட்டுன கெணறு நிக்கு, பரிபூரணத்துக் கெணறுன்னு. காலையில நீங்க கை கழுவுனது அந்தத் தண்ணிதான். அடியில அந்தக் கதவுப் பலகை இன்னும் இருக்குன்னு சொல்லுவாவ. கல்லுக்கோயில் கட்டுறப்ப ஐயருமாரு கதவு போடணும்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தாவ. ஊரு ஒத்துக்கிடல. அதனாலதான் நம்ம கோயிலுக்கு நெலை மட்டும் உண்டு, கதவு கெடையாது.

உபதேசியார் வேலையையும் அவரு விட்டுட்டாரு. மூப்பர் ஒரு நாள் சமாதானமாச் சொன்னாராம். "கர்த்தர் மன்னிச்சிருப்பாருய்யா."

"அவரு மன்னிச்சுட்டாரு மூப்பரே, அது எனக்குத் தெரியும். 'சரி எப்பா'ன்னு சொல்லிட்டுப் போனவளும் அப்பவே மன்னிச்சுட்டுத்தான் போனா. எனக்குத்தான் அந்தச் சத்தம் ஓயல."

பொறவு சாவுற வரைக்கும் அவரு கோயிலுக்குள்ள உக்காந்ததில்ல. சனம் உள்ள ஜெபம் பண்ணுறப்ப, இவரு வாசலுக்கு வெளிய தேரியைப் பாத்து நிப்பாரு. ஆமெனுக்கு முந்தி உள்ள தலையை நீட்டி, "யாரும் கூப்பிடல"ன்னு சொல்லுவாரு. அதுக்குப் பொறவுதான் ஊரு ஆமென் சொல்லும். அவருக்குப் பொறவு இன்னொருத்தர் நின்னாரு, அவருக்குப் பொறவு இன்னொருத்தர். இப்ப நான்.

யாராச்சும் கூப்பிட்டது உண்டான்னு கேக்கியளா? என் காலத்துல ரெண்டு தரம் உண்டு. ஒரு தரம் பிள்ளைத்தாச்சி ஒருத்தி வேலியோரம் விழுந்து கெடந்தா. ஐயரு உட்பட சபையே எந்திரிச்சு ஓடுச்சு. இன்னொரு தரம் கெணத்தடியில கயிறு சிக்குன ஆடு. அதுக்கும் போனோம். அன்னைக்கு ஆமென் சொல்ல மத்தியானம் ஆயிட்டு.

எவ்வளவு நேரம் நிக்கணும்னு அந்த மனுசன் ஒரு அளவு வச்சுட்டுப் போயிருக்காரு. வெளிய போயி, கெணத்துப் பக்கம் பாத்து, மனசுக்குள்ள அந்தப் பிள்ளை கூப்பிட்ட மாதிரியே மூணு தரம் எப்பான்னு சொல்லிக்கிடணும். மூணாவதுக்குப் பொறவு கொஞ்சம் நிக்கணும். அவ நின்ன அளவு. காலையில நான் வெளிய நின்னது அவ்வளவு நேரந்தான். அதுக்குப் பொறவு உள்ள வந்து யாரும் கூப்பிடலன்னு சொன்னேன், நீங்க ஆமென் சொன்னிய.