இரண்டாவது பாட்டு

பழவங்காடியில் ஏறிய பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் குரல் உயர்ந்ததால்தான் காது கொடுத்தேன்.

"அநியாயம் அக்கா! ரெண்டாவது பாட்டு கேட்டுட்டாங்க."

"யாரு?"

"யுனிவர்சிட்டி மியூசிக் டிபார்ட்மென்ட் இன்டர்வியூல. எம் பொண்ணு ஸ்கூல் கலோத்சவப் போட்டியில பாடுற தோடிக் கீர்த்தனையை நல்லாப் பாடினா. 'இனி வேற ஒண்ணு பாடு'ன்னதும் முழிச்சுட்டு நின்னா."

"சின்னதுலேந்து பாட்டு கிளாஸ் போறாளே, அல்லே?"

"எப்பவும் இந்தப் பாட்டுதான். ஸ்கூல் போட்டியில வருஷாவருஷம் ஃபர்ஸ்ட். பின்னே எதுக்கு மாத்தணும்? பிரைஸ் கொடுத்த ஜட்ஜும் அதே டிபார்ட்மென்ட் ஸார்தான். அன்னிக்கு அவர் கேட்டாரா?"

"ஸீட்டு போச்சா?"

"திங்கக்கிழமை இன்னொரு பாட்டோட வரச் சொல்லியிருக்காங்க. மூணு நாள்ல எங்க போவேன்?"

"ஸீட்டு கிடைச்சுப் படிச்சு முடிச்சா, கச்சேரி பாடுவாளா?"

"கச்சேரி யாருக்கு வேணும்? டீச்சர் ஆவா. பிள்ளைகளைக் கலோத்சவத்துக்கு ரெடி பண்ணுவா."

மூத்தவள் சிரித்தாள். "அதுக்கு அந்த ஒரு பாட்டு போதுமே, மோளே!"

என் மடியில் மகள் தன் போட்டிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வேறு பாட்டு ஏதாவது தெரியுமா என்று அவளிடம் கேட்கப் பயமாக இருந்தது.